ஆறை நாலாக வகுத்த கதை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடியில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "உங்க எம்.பி. யாருங்க?" என்று பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். உள்ளூர்க்காரர் "நமக்குத் திருச்சி" என்பார். பக்கத்தில் வடையைப் பிட்டுக்கொண்டிருப்பவர் வடகாட்டு ஆளாக இருந்தால் "எங்களுக்குச் சிவகங்கை" என்பார். சம்பந்தி வீட்டுக்கு வந்திருக்கும் அறந்தாங்கிக்காரர் "ராமநாதபுரம்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருமுறை யோசிப்பார். விராலிமலையிலிருந்து ஜல்லிக்கட்டுக் காளை விலை பேச வந்தவர் கடைசியாக வாயைத் திறப்பார்: "கரூர்."

நாலு பேருக்கும் ஒரே கலெக்டர், ஒரே எஸ்.பி. வண்டி நம்பர் பலகையில் நாலு பேருக்கும் அதே 55. டெல்லி என்று வந்துவிட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு திசை. டீக்கடைக்காரருக்கு இது பழகிவிட்டது. "நாலு எம்.பி. இருக்கிற மாவட்டம் சார் இது" என்று பெருமை மாதிரியே சொல்வார். நாலு வீட்டில் சொந்தம் இருக்கிறவனுக்கு எந்த வீட்டிலும் இலை போடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் பாகப்பிரிவினைக்கு ஒரு முறை உண்டு. பங்காளிகள் கூடுவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் நடுவில் உட்காருவார். மூத்தவனுக்குக் கிணறு, இளையவனுக்கு வீடு, நடுவுள்ளவனுக்குத் தோப்பு. பிறகு வரப்பில் நிற்கும் ஒரு பனைமரத்துக்காகப் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள். புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதிக்கு 2008-இல் நடந்த பாகப்பிரிவினையில் இந்த முறை எதுவும் பின்பற்றப்படவில்லை. சொத்துக்காரன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். சண்டை போடப் பனைமரம்கூட மிஞ்சவில்லை.

சொத்து எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டை, தொண்டைமான்களின் சமஸ்தானம். சுற்றிலும் வெள்ளைக்காரன் ராஜ்ஜியம், நடுவில் இவர்கள் மட்டும் தனி ராஜ்ஜியம், தனி தர்பார், அம்மன் காசு என்று சொந்தமாக ஒரு செப்புக்காசு. 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த கணக்கை மற்ற ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் எடுத்துப் போடுவார்கள். நாங்கள் ரசத்தைக் கேட்டு வாங்கிப் பேச்சை மாற்றிவிடுவோம். 1915-இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வெள்ளைக்கார அரசு அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ராஜா நாட்டை விட்டுவிட்டு மனைவியோடு வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். தலைவர் வெளியூரில் இருந்தாலும் நிர்வாகம் நடக்கும் என்று எங்களுக்கு அன்றைக்கே காட்டியாகிவிட்டது. பின்னால் வந்த எம்.பி.க்கள் விஷயத்தில் இந்தப் பயிற்சி ரொம்ப உதவியது.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கையோடு கொண்டுபோய்த் திருச்சி மாவட்டத்தில் சேர்த்தார்கள். இருபத்தாறு வருஷம் கழித்து, 1974 ஜனவரி 14-இல், புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ராஜாவின் புது அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆனது. இன்றைக்கும் முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கப் போகிறவர் அரண்மனைப் படிதான் ஏறுகிறார். பிறகு 2008-இல், எம்.பி. கணக்குக்கு மட்டும், கறம்பக்குடியையும் புதுக்கோட்டையையும் மறுபடி திருச்சியோடு சேர்த்தார்கள். புகுந்த வீட்டில் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன பெண்ணை, முப்பத்துநாலு வருஷம் கழித்து மூட்டை முடிச்சோடு திரும்பக் கொண்டுவந்து விட்டது மாதிரி.

நடுவில் தொகுதி வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே, அது கொஞ்சம் ரகளையானது.

முதல் பொதுத்தேர்தலில் நாடே காங்கிரஸ் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, புதுக்கோட்டை கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியைச் சேர்ந்த முத்துசாமி வல்லத்தரசைத் தேர்ந்தெடுத்தது. தர்பாரோடு மல்லுக்கு நின்று பழகிய வழக்கறிஞர். கட்சி கிருபளானியுடையது, பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுச்சாவடியை மூடிவிடுவார்கள். 1957-இல் மனசு மாறி, காங்கிரஸில் நின்ற செட்டிநாட்டு ராமநாதன் செட்டியாரை அனுப்பினோம். அவர் ஐந்து வருஷம் இருந்து பார்த்துவிட்டு, 1962-இல் கரூருக்குப் போய் நின்று அங்கே ஜெயித்தார். புதுக்கோட்டையிலிருந்து கரூருக்கு ஒரு பாதை இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். விராலிமலை மொத்தமும் பின்னாளில் அந்தப் பாதையில் போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அவர் விட்டுப்போன இடத்துக்கு ஆர். உமாநாத் வந்தார். காசர்கோட்டில் பிறந்து, பொன்மலை ரயில்வே தொழிலாளர்களிடையே சங்கம் கட்டிய கம்யூனிஸ்ட். ராஜா ராஜகோபாலத் தொண்டைமான் உயிரோடு இருக்கிறார், சமஸ்தானம் போய்ப் பதினாலு வருஷம்கூட முழுசாக முடியவில்லை, ஜனங்கள் அதற்குள் ஒரு கம்யூனிஸ்டை டெல்லிக்கு அனுப்பிவிட்டார்கள். தவறிப்போய் விழுந்த ஓட்டு என்று யாராவது நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, 1967-இல் மறுபடியும் அவரையே அனுப்பினார்கள். இடையில் கட்சி இரண்டாக உடைந்து அவர் மார்க்சிஸ்டாகியிருந்தார். அந்தத் தேர்தலில் அண்ணாவின் கூட்டணிப் பந்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கம்யூனிஸத்தை முதல் எதிரி என்றவரும் அந்த எதிரியும் ஒரே கூட்டணிக்கு ஓட்டுக் கேட்டதைப் பார்த்தவர்களுக்கு, அதற்குப் பின்னால் எந்தக் கூட்டணியும் அதிர்ச்சி தரவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1962 வரை தமிழ்நாட்டுக்கு 41 எம்.பி.க்கள். 1967-இல் 39. ஜனத்தொகைக் கணக்கில் நாம் பின்தங்கிவிட்டோம் என்று இரண்டைக் குறைத்தார்கள். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதச் சொன்னதும் அவர்கள்தான், அந்த இருவரை எடுத்துக்கொண்டதும் அவர்கள்தான். அப்போது தப்பித்த தொகுதிகளில் புதுக்கோட்டையும் ஒன்று. நமக்கு ஆயுசு கெட்டி என்று நினைத்துவிட்டோம்.

அடுத்த இருபது வருஷத்தை வேகமாக ஓட்டிவிடலாம். 1971-இல் தி.மு.க.வின் வீரையா, 1977-இல் அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980-இல் காங்கிரஸின் வி.என். சுவாமிநாதன். அலை எந்தப் பக்கமோ ஓட்டும் அந்தப் பக்கம். 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரஸின் என். சுந்தரராஜ். தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வும் காங்கிரஸும் கைகோத்து நின்றால், கைக்குக் கீழே பெயர் இருந்தால் போதும் என்ற காலம் அது.

1996-இல் தி.மு.க. சார்பில் ஜெயித்தவர் திருச்சி சிவா. பெயரைக் கவனியுங்கள். புதுக்கோட்டைக்கு எம்.பி., பெயரில் திருச்சி. பல்லி கத்தினாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிற ஊர் எங்கள் ஊர். இவ்வளவு பெரிய சகுனத்தைச் சுவர் சுவராக எழுதிவிட்டு, ஒருத்தரும் கவனிக்காமல் விட்டோம்.

1998-இல் அ.தி.மு.க.வின் ராஜா பரமசிவம் வந்தார். பதின்மூன்று மாதத்தில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்து, அவர் பதவியையும் கூட்டிக்கொண்டு போனது. 1999-இல் வந்தவர் திருநாவுக்கரசர். அறந்தாங்கியில் ஆறு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த மனிதர். அ.தி.மு.க.விலிருந்து வெளியே வந்து எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. என்று தனிக்கடை போட்டு, பா.ஜ.க., தி.மு.க. கூட்டணியில் நின்று ஜெயித்தார். வாஜ்பாய் அமைச்சரவையில் இடமும் பிடித்தார். கடையையும் பா.ஜ.க.வோடு சேர்த்தார். பிறகு காங்கிரஸுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் ஒரே டிக்கெட்டில் இத்தனை பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தவர் வேறு யாரும் இல்லை.

2004-இல் தி.மு.க.வின் எஸ். ரகுபதி. ஜெயலலிதா அமைச்சரவையில் இருந்துவிட்டுத் தி.மு.க.வுக்கு வந்தவர். மன்மோகன் சிங் அரசில் முதலில் உள்துறை இணையமைச்சர், பிறகு சுற்றுச்சூழல், வனத்துறை இணையமைச்சர். வீட்டில் இரண்டு மத்திய அரசு வேலை பார்த்த ஆள் இருக்கும்போதே வீட்டு மனை கைவிட்டுப் போயிற்று என்பதுதான் இந்தக் கதையின் உச்சம்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நாடு முழுக்கக் கோடு போட்டது. 2008 பிப்ரவரியில் உத்தரவு அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு எங்கள் மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து. குளத்தூரைக் கலைத்துவிட்டு, கந்தர்வக்கோட்டை, விராலிமலை என்று இரண்டு போட்டார்கள். ஆக, ஆறு: கந்தர்வக்கோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ., 39 எம்.பி. வகுத்துப் பாருங்கள். ஒரு எம்.பி.க்கு ஆறு எம்.எல்.ஏ. தொகுதி, மீதி இல்லாமல். அதாவது, அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு வேண்டிய ஆறையும் எங்கள் கையில் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, கந்தர்வக்கோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். சட்டைக்குத் துணியைச் சரியாக வெட்டிவிட்டு, கையைப் பெரியவனுக்கும் காலரைச் சின்னவனுக்கும் தைத்துக் கொடுக்கிற டெய்லரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த உத்தரவில் தலை உருண்ட தொகுதி எங்களுடையது மட்டும் இல்லை. சிவகாசி போயிற்று, விருதுநகர் வந்தது. திருச்செந்தூர் போயிற்று, தூத்துக்குடி வந்தது. பெரியகுளம் போயிற்று, தேனி வந்தது. அங்கெல்லாம் பெயர்ப்பலகையை மாற்றினால் வேலை முடிந்தது. புதுக்கோட்டை போயிற்று, அவ்வளவுதான். அடுத்த வரி கிடையாது. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், மறுவரையறைச் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று அரசியலமைப்பின் 329-ஆவது பிரிவு வாசலிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

கோபம் வந்தது. கடையடைப்பு, கறுப்புக்கொடி, ஆர்ப்பாட்டம் எல்லாம் வழக்கம்போல. அதில் ஒரு கோபம் மட்டும் தினுசானது: 49-ஓ.

நோட்டா பொத்தான் வருவதற்கு முந்திய காலம். 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில், 'வந்தேன், ஆனால் யாருக்கும் போட விருப்பமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக 49-ஓ என்று ஒரு விதி இருந்தது. 2009 மே 13-ஆம் தேதி, எங்கள் பெரியப்பா சலவை வேட்டி கட்டி, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு அதற்காகவே புறப்பட்டார். நானும் கூடப் போனேன். பெயர் சரிபார்த்தாயிற்று. விரலில் மை வைத்தாயிற்று. பதிவேட்டில் கையெழுத்தும் ஆயிற்று. பெட்டி இருக்கும் மறைப்புப் பக்கம் போகாமல் பெரியப்பா நட்டநடுவில் நின்றுகொண்டு, கல்யாண மண்டபத்தில் மொய் சொல்கிற குரலில், "எனக்கு நாப்பத்தொம்போது ஓ" என்றார்.

"என்னது பெரியவரே?"

"ஓ. நாப்பத்தொம்போது ஓ."

"ஓட்டுப் போட அங்க போங்க, அந்த அட்டை மறைப்புக்குப் பின்னாடி."

"ஓட்டுப் போடத்தான் வரலைங்கிறேன்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"ஓட்டுப் போடலைன்னு சொல்ல வந்தேன்."

வரிசை நின்றுவிட்டது. கட்சி ஏஜெண்டுகள் எல்லாரும் ஒரேசமயத்தில் திரும்பினார்கள். இரண்டு கட்சிக்காரரும் அவருக்கு மாமன் மச்சான் முறை. "ஏன் மச்சான், நமக்குப் போட மாட்டீங்களா?" என்று ஒரு பக்கம், "ஏன் மாமா, எங்களுக்குமா இல்லை?" என்று இன்னொரு பக்கம். அதிகாரி கைப்புத்தகத்தைப் புரட்டி விதியைக் கண்டுபிடித்து, பதிவேட்டில் குறிப்பு எழுதி, அதற்கு எதிரே பெரியப்பாவிடம் இன்னொரு கையெழுத்து வாங்கினார். ரகசிய வாக்கெடுப்பு என்பார்களே, அதில் பெரியப்பாவின் ரகசியம் அன்று மத்தியானத்துக்குள் ஊரில் ஆடு மேய்க்கிறவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா ஒரே கேள்வி கேட்டார்: "இதுக்கா வேட்டியைச் சலவைக்குப் போட்டீங்க?"

2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு நோட்டா பொத்தான் வந்தது. இப்போது கோபத்தை மறைப்புக்குப் பின்னால் நின்று ரகசியமாகவே அழுத்திவிட்டு வரலாம். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒளிஞ்சு நின்னு கோவப்படுறது ஒரு கோவமா?" என்பார்.

அந்த 2009 தேர்தலிலேயே இன்னொரு வேடிக்கை. புதுக்கோட்டைத் தொகுதி இல்லாத முதல் தேர்தலில், புதுக்கோட்டை அரச குடும்பத்தின் மருமகளும் திருச்சி முன்னாள் மேயருமான சாருபாலா தொண்டைமான், திருச்சியில் காங்கிரஸ் வேட்பாளர். அ.தி.மு.க.வின் ப. குமாரிடம் நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். ராஜ்ஜியம் போய், தொகுதி போய், கடைசியில் அந்த நாலாயிரமும் போயிற்று. எங்கள் பங்காளித் தொகுதியான சிவகங்கையில் ப. சிதம்பரம் ஜெயித்தது 3,354 ஓட்டில். எங்களைப் பிரித்துக்கொண்டவர்கள் யாரும் அந்த வருஷம் நிம்மதியாகத் தூங்கவில்லை என்பதில் எங்களுக்கு ஒரு அல்ப திருப்தி.

திருநாவுக்கரசர் மட்டும் விடவில்லை. 2019-இல் காங்கிரஸ் வேட்பாளராகத் திருச்சியில் நின்று நாலரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தொகுதி புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போனால் என்ன, அவரும் பின்னாலேயே போய்ப் பிடித்துவிட்டார். 2024-இல் துரை வைகோ. ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டி கிடைத்த தேர்தல் அது. அறந்தாங்கிக்காரர்களுக்கு அதைவிட அதிர்ஷ்டம்: ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நிற்க, அதே பெயர்க்காரர்கள் இன்னும் சிலரும் கூடவே நின்றார்கள். கொடுமை எதுவென்றால், எங்கள் மாவட்டத்தில் பலாப்பழத்துக்குப் பேர்போனது வடகாடு பக்கம். அது ஆலங்குடித் தொகுதி, ஆகவே சிவகங்கை. வருஷமெல்லாம் பலா விளைவிக்கிறவனுக்குப் பலாப்பழத்தில் ஓட்டுப் போடக் கொடுத்துவைக்கவில்லை.

சரி, நாலு எம்.பி.யால் நஷ்டம் என்ன என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். (இவர்கள்தான் வெட்டன்விடுதி, மருதன்கோன்விடுதி என்ற பஸ் போர்டைப் பார்த்துவிட்டு, "இங்கே இத்தனை ஹாஸ்டலா?" என்று கேட்டவர்கள்.) காகிதத்தில் நஷ்டமே இல்லை. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு ஐந்து கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம் சொச்சம். எங்கள் ஆறும் சேர்ந்தால் அதே ஐந்து கோடி. பைசா குறையவில்லை. ஆனால் ஸ்ரீரங்கமும் திருவெறும்பூரும் திருச்சியின் கிழக்கும் மேற்கும் ஓட்டுப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் எம்.பி.க்கு, அக்னி ஆற்றங்கரையில் இருக்கும் கறம்பக்குடி எத்தனையாவது ஞாபகமாக வரும்? விராலிமலைக்காரர் தன் எம்.பி.யைத் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரோடு பங்கு போடுகிறார். அறந்தாங்கிக்காரர் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியோடு. கடைக்குட்டிக்குத் துணி எடுக்கிற மாதிரிதான். மற்றவர்களுக்கு எடுத்து மிச்சம் இருந்தால்.

2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் உட்கார்ந்தபோது, பக்கத்திலேயே கறம்பக்குடி வட்டாரத்து வாணக்கன்காட்டிலும் நல்லாண்டார்கொல்லையிலும் போராட்டம் நடந்தது. ஒரே மண், ஒரே எண்ணெய்க் கிணற்றுப் பயம். மனு என்று வந்தால் மட்டும் யார் எந்த எம்.பி.க்கு எழுதுவது என்று முதலில் வரைபடம் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துப்போட்டது. தென்னை, பலா, தைலமரம், மின்கம்பம் என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. அப்போது எங்கள் நாலு எம்.பி.க்களும் ஒரே கட்சி, அ.தி.மு.க.; அதில் கரூர் தம்பிதுரை மக்களவைத் துணைத் தலைவர் வேறு. புயல் மட்டும் தொகுதி எல்லை பார்க்காமல் மாவட்டம் முழுக்கச் சமமாக அடித்தது. அதற்கு மறுவரையறை உத்தரவின் நகல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

2025 பிப்ரவரியில், அடுத்த மறுவரையறையில் தமிழ்நாடு எட்டுத் தொகுதிகளை இழக்கும் என்று மு.க. ஸ்டாலின் எச்சரித்தார். மார்ச் 22-ஆம் தேதி பினராயி விஜயன், ரேவந்த் ரெட்டி, பகவந்த் மான் எல்லாரும் சென்னைக்கு வந்து கூட்டம் போட்டார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, துக்க வீட்டுக்குப் போய்வந்த அனுபவசாலி மாதிரி, "இப்பத்தான் ஒவ்வொருத்தனா வர்றானுங்க" என்றார். நாங்கள் பதினேழு வருஷம் முன்பே கருமாதி முடித்துவிட்டோம்.

ஆகவே, அடுத்தமுறை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பென்சில் சீவப்போகும் அதிகாரி ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். கந்தர்வக்கோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆறு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கறம்பக்குடிக்கு நேரில் வாருங்கள். டீ எங்கள் செலவு.